அஞ்சாவது கோடு

ரோலர் கோஸ்டரு வண்டியில உக்காந்து, மடியில கம்பி விழுந்து பூட்டி அஞ்சு நிமிசம் ஆச்சு. இன்னும் இருபத்தஞ்சு நிமிசம் இருக்கு. ராகு காலம் பத்தரைக்குத்தான் முடியுது, அதுக்கு முன்னால சக்கரம் ஒரு இஞ்சு உருளப்பிடாதுன்னு வேல்சாமி முதலாளி மைக்குல சொல்லிட்டாரு. அதை ஏறுறதுக்கு முன்னால சொல்லியிருக்கப்பிடாதா மனுசன்? போட்டோவுக்குன்னு இருபது பேரையும் வண்டியில ஏத்தி, கம்பியைப் பூட்டி, முன்சீட்டுல இருந்து கடைசிச் சீட்டு வரைக்கும் ஒரே சரமா மல்லியப்பூவைச் சுத்தி, சக்கரத்துக்கு ஒண்ணுன்னு எலுமிச்சம்பழமும் வச்ச பெறகு வாட்சைப் பாக்காரு. இப்பக் கம்பியைத் திறந்தா சரம் அறுந்துரும், தொடக்க நாளும் அதுவுமா பூ அறுந்தா நல்லதில்லன்னு அவரு வீட்டம்மா சொல்லிட்டாங்க. ஆக இருந்த இடத்துலயே இருக்க வேண்டியதுதான். எனக்கு ராகுவும் கிடையாது கேதுவும் கிடையாது, நான் மாதா கோயிலுக்குப் போறவன், ஆனா கம்பி எல்லாருக்கும் ஒரே கம்பி. முன்சீட்டுல முதலாளி மகளும் மருமகனும். பின்னால வெல்டிங்காரனும் பொண்டாட்டியும், கரண்டுக்காரன், முதலாளி சொந்தக்காரங்க. ரெண்டாவது சீட்டுல நானும் சந்தனமாரியும். வேலை செஞ்சவன் முதல்ல ஏறுனாத்தான் சனம் நம்பும்னு முதலாளி சொன்னாரு. இந்த மர ரோலர் கோஸ்டரு முழுக்க வெள்ளை அடிச்சவன் நான், கஸ்பார், தூத்துக்குடியில முப்பது வருசம் தோணிக்கும் போட்டுக்கும் பெயிண்ட் அடிச்ச கை. தினமும் காலையில தண்டவாளத்து மேலயே நடந்து, சுத்தியலால ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பாத்து, ஓடலாம்னு கையெழுத்துப் போடுறவ சந்தனமாரி. எங்க ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல உக்கார வச்சது யாரு புத்தியோ தெரியல.

எதுத்தாப்புல பாதை கொஞ்ச தூரம் தட்டையாப் போயி அப்படியே மேல எந்திரிக்கு. தொண்ணூறு அடி. நான் அதைப் பாக்கல. முதலாளி மகள் கொண்டையில குத்தியிருக்க ஊசியைப் பாக்கேன். வெயில்ல மரமெல்லாம் பளீர்னு நிக்கி, கண்ணு கூசுது, என்ன வெள்ளை, எவன் அடிப்பான் இப்படி ஒரு வெள்ளை. இந்த வெள்ளையை இவ வேண்டாம்னு சொன்னா. ஆறு மாசத்துக்கு முன்னால முதலாளி ரூம்புல வச்சு, பெயிண்டா ஸ்டெயினான்னு பேச்சு வந்தப்ப, ஸ்டெயின்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா. பெயிண்ட் மரத்து மேல உக்காரும், ஸ்டெயின்னா சாயம், மரத்துக்குள்ள ஊறிப் போயிரும்னா. உப்புக்காத்துல பெயிண்ட் பொருக்குப் பொருக்கா உரியும், உரிஞ்ச இடத்துல தண்ணி புகுந்து உள்ளுக்குள்ளயே மக்கும், மேல பாத்தா ஒண்ணும் தெரியாதுன்னா. ஸ்டெயின் உரியாது, வெளுக்கும், வெளுத்தா மேலயே இன்னொரு கை போட்டுக்கிடலாம், சுரண்ட வேண்டாம்னா. ஒரு பலகையை ரெண்டா அறுத்துக் கொண்டாந்து மேசையில வச்சா, பெயிண்ட் அடிச்ச பலகை உள்ள ஈரமா கறுத்துக் கிடந்துச்சு. நான் விடுவனா. மரம்னா ஒரு சட்டை வேண்டாமாம்மா, அம்மணமா நிக்கவான்னு கேட்டேன். ரூம்பு பூரா சிரிச்சாங்க. அவ சிரிக்கல. எனக்கு மரம் தெரியணும் அண்ணாச்சின்னா. வெடிப்பு விட்டா ரெண்டு முனையிலயும் பென்சிலால கோடு போட்டுத் தேதி எழுதி வைப்பேன், மாசாமாசம் பாப்பேன், வெடிப்பு கோட்டைத் தாண்டுனா கட்டையை மாத்திருவோம், நோட்டு தொலையும், மரம் எங்க தொலையப் போவுதுன்னா. நான் ஒரு தகரத்துல என் பெயிண்டை அடிச்சுக் கொண்டு போயிருந்தேன், கப்பலுக்குப் போடுறது, ரப்பரு கலந்தது. அந்தத் தகரத்தை முதலாளி கண்ணு முன்னால ரெண்டா மடக்கி நிமித்துனேன். ஒரு கீறல் விழல. இது இழுபடும் முதலாளி, ஆனா வெடிக்காதுன்னேன். அவருக்கு அதெல்லாம் தேவையில்ல, திருச்செந்தூர் பஸ்ல போறவன் கழுத்தைத் திருப்பிப் பாக்கணும், வெள்ளைன்னா கடல்ல இருந்தே தெரியும்னாரு. முடிஞ்சுபோச்சு. நான் செயிச்சேன். அன்னைக்கு ராத்திரி கூட்டாளிகளுக்கு நான்தான் புரோட்டா வாங்கிக் குடுத்தேன்.

பத்து ஒம்பது. கடிகாரத்துல பெரிய முள்ளு ஒட்டிக்கிட்டுக் கிடக்கோ என்னமோ. வேர்த்து முதுகு சீட்டோட ஒட்டுது. எதுக்கு இப்படி வேர்க்கணும், எல்லாரும்தான் வெயில்ல இருக்காங்க. ஒண்ணும் இல்ல. அந்தப் பென்சில் கோட்டு நெனப்பு வந்துச்சு, அதான். கோடு என்ன கோடு, பாதையைத் தாங்கி ஆயிரத்து நூறு மரக்கால் நிக்கி, எவன் எதுல கிறுக்கினான்னு நான் கண்டேனா. பெயிண்ட் வேலை தொடங்குன அன்னைக்கு இவ இல்ல. அம்மை போட்டிருச்சு. வாசல்ல வேப்பங்கொத்தைச் சொருகி, பதினாறு நாள் ஆளு வெளிய வரல, நாங்களும் போய்ப் பாக்கல, அம்மை போட்ட வீட்டுக்கு யாரு போவா. தலைக்குத் தண்ணி ஊத்தித் திரும்பி வந்தப்ப எல்லாம் வெள்ளையா நிக்கி. மூஞ்சியில வடு காயல அவளுக்கு. நேரா எங்கிட்ட வந்தா. அண்ணாச்சி, பென்சில் கோடு போட்டிருந்த கட்டையெல்லாம் பாத்தீங்களா, அப்படியே விட்டீங்களான்னு கேட்டா. சத்தம் போடல, சண்டைக்கு வரல, சும்மாத்தான் கேட்டா. அதுதான் எனக்குப் பொறுக்கல. செயிச்சவன் நான், எங்கிட்ட வந்து வாத்திச்சி மாதிரி கேள்வி கேக்காளேன்னு. இல்லம்மா, கோடும் இல்ல ஒண்ணும் இல்லன்னுட்டேன். எங்கிட்ட வேலை பாக்குற பசங்க அடிச்ச இடத்துல இருந்திருந்தா எனக்கெப்படித் தெரியும். எனக்குத் தெரிஞ்ச மட்டும் இல்லன்னு சொன்னேன், அது பொய்யில்லையே. பெறகு அவளா ஞாபகத்துல நாலு கட்டையைக் கண்டுபிடிச்சு, கத்தியால சுரண்டிப் பாத்து, ரெண்டை மாத்தி ரெண்டுக்கு இரும்புப் பட்டை போட்டாச்சு. அந்த நாலையும் நானே போயி மறுபடி வெள்ளை அடிச்சுக் குடுத்தேன். அத்தோட சரி.

சரின்னா எதுக்கு இன்னும் வேர்க்கு? உள்ளதைச் சொல்லணும்னா எனக்கு உயரம் ஆவாது. இது யாருக்கும் தெரியாது. தோணியில பாய்மரம் ஏறச் சொன்னா வேற ஆளை ஏத்திவிட்டுட்டு நான் அடியில நின்னு அடிப்பேன். இங்கயும் அப்படித்தான், மேல போனது முழுக்கப் பசங்க, நான் கீழ நின்னு ஏல அங்கன விட்டுப்போச்சு, ஏல இங்கன வழியுதுன்னு சத்தம் போட்டதோட சரி. அடிக்கால் மட்டும்தான் என் கையால அடிச்சேன். இன்னைக்கு ஏற மாட்டேன்னு எப்படிச் சொல்ல? பெயிண்டரே ஏறலன்னு ஊரு சிரிக்கும். காலையில பல்லு வெளக்கும்போதே குமட்டுச்சு. அப்பக் கோட்டு நெனப்பே இல்ல. இங்க வந்து கம்பியைப் பூட்டுன பெறகுதான் வருது. அப்படின்னா இது பயம் காட்டுற வேலையாத்தான் இருக்கும். பயந்தவன் மனசு என்னென்னமோ கட்டிவிடும், கயிறு பாம்பாத் தெரியும். நான் இப்ப வண்டியை நிறுத்துங்கன்னு சொல்றதுக்கு ஒரு சாக்கு வேணும், மனசு தேடிப் பிடிச்சு ஒரு கோட்டைக் கொண்டாந்து குடுக்கு. போன வாரம் மணல் மூட்டையை ஏத்தி நாப்பது தடவை விட்டாங்களே, போயிட்டுப் போயிட்டு வந்துச்சே, ஒரு ஆணி கழண்டுச்சா? நாப்பது தடவை போன வண்டி நாப்பத்தோராவது தடவை போகாதா. போகும். நீ கண்ணை மூடிக்கிட்டு உக்காரு கஸ்பாரு, ரெண்டு நிமிசத்துல முடிஞ்சுரும்.

கண்ணை மூடுனா அந்தக் கால்தான் தெரியுது. முதல் இறக்கத்துக்கு அடியில, கடலைப் பாத்த பக்கம், வண்டி விழுந்து எந்திரிக்கற இடத்துல நிக்க கால். நிழலு நல்லா விழும். பெயிண்ட் வேலை நடந்தப்ப ஒரு மத்தியானம் அதுல சாஞ்சு உக்காந்து எலுமிச்சம்பழச் சாதம் தின்னேன். எந்திரிச்சுப் பாத்தா என் தோளுக்குச் சரியா ஒரு வெடிப்பு, ஒரு முழம் இருக்கும், மரத்தோட ரேகையை விட்டு விலகி கோணலாப் போச்சு. நகத்தை விட்டுப் பாத்தேன், நகம் உள்ள போச்சு. சோத்துக் கையைக் கழுவினேன், வெடிப்பு அடைக்குற பட்டியைக் கலக்கினேன், ரெண்டு மருந்து சேத்துக் கலக்குற பட்டி, கல்லு மாதிரி இறுகும். பசங்களை விடல, நானே தகட்டால அழுத்தி அழுத்தி அடைச்சேன். வெடிப்பைக் கண்டா என் கை நிக்காது. எப்படி நிக்கும்? இருபத்து மூணு வயசுல மாலத்தீவுக்குப் போற தோணி ஒண்ணுக்கு அடிப்பலகை பூரா நான்தான் பூசினேன், ஒரே ஒரு இடுக்கு, சுண்டுவிரல் நீளம், விட்டுப்போச்சு. பாதிக் கடல்ல தண்ணி ஏறி, சிமெண்டு மூட்டையெல்லாம் கடல்ல தள்ளிட்டு ஒரு வழியாக் கரை சேந்தாங்க. ஆளு போகல. தோணிக்குத் தலைவன் தண்டல், அந்த ஆளு இறங்குனதும் தொறைமுகத்துல அத்தனை பேரு முன்னால என்னைச் செவிட்டுல ஒண்ணு விட்டாரு. ஒரு வெடிப்பு ஒம்பது பேரு உசுருலேன்னாரு. இன்னைக்கும் இந்தப் பக்கக் காது சரியாக் கேக்காது. அதுக்கப்புறம் என் கண்ணுல பட்ட வெடிப்பை நான் தொறந்து விட்டதே இல்ல. அது தோணி. தோணிக்கு வெடிப்பை அடைச்சாத்தான் உசுரு. இங்க அப்படி இல்லன்னு அந்தப் பிள்ள படிச்சுப் படிச்சுச் சொன்னா, வெடிப்புதான் அண்ணாச்சி எங்கிட்டப் பேசும்னு சொன்னா. நான் அதோட வாயை அடைச்சுட்டேன். பட்டி காஞ்ச பெறகு உப்புத்தாள் போட்டு இழைச்சேன். இழைக்கும்போது.

இழைக்கும்போது என்ன? ஒண்ணும் இல்ல. மரத்தூள். பட்டித்தூள். அழுக்கு. அழுக்குன்னா என்ன அழுக்கு, கறுப்பா சின்னதா, வெடிப்போட மேல் முனையில ஒண்ணு, கீழ் முனையில ஒண்ணு. ஆசாரி அளவுக்குப் போட்ட கோடுன்னு நெனச்சேன். அப்படித்தான் நெனச்சேன். ஆசாரி அளவுக்கோட்டுக்குப் பக்கத்துல தேதி எதுக்கு எழுதப் போறான்? எழுதியிருந்துச்சா? கையெழுத்து நடுங்கி, ஒரு எட்டு, ஒரு சாய்ஞ்ச கோடு, ஒரு... இல்ல, இதுதான் மனசு கட்டுற கதை. பத்து பதினெட்டு. முதலாளி மருமகன் பின்னால திரும்பி, என்ன அண்ணாச்சி மூஞ்சி உங்க பெயிண்டை விட வெள்ளையா இருக்குங்கான். எல்லாரும் சிரிக்காங்க, நானும் சிரிக்கேன். சிரிச்சுக்கிட்டே பாக்கேன், இந்தப் பய, இந்தக் கொண்டை ஊசி வச்ச பிள்ள, பின்னால வெல்டிங்காரன் பொண்டாட்டி காலையில இருந்து சாப்பிடல, வாந்தி வரும்னு பயந்து. ஒரு வெடிப்பு ஒம்பது பேரு. இங்க இருபது.

சந்தனமாரி சேலைத் தலைப்பால கழுத்தைத் தொடைக்கா. வடு எல்லாம் இப்பக் காஞ்சு போச்சு, காதோரம் ஒண்ணு மட்டும் பள்ளமா நிக்கி. விசில் கழுத்துல தொங்குது. மூணு தடவை ஊதுனா கீழ நின்னு ஓட்டுற பையன் வண்டியை மேல இழுக்குற சங்கிலியை நிறுத்திருவான். சங்கிலி ஏத்துற வரைக்கும்தான் நிறுத்த முடியும், உச்சி தாண்டுனா யாராலயும் முடியாது, அது பாட்டுக்கு விழும். அவளே எனக்கு முன்னால சொன்னது. தண்ணி வேணுமா அண்ணாச்சின்னு பாட்டிலை நீட்டுதா. வாங்கிக் குடிச்சேன். பெறகு அவளாப் பேச்சுக் குடுக்கா, மெதுவா, மத்தவங்களுக்குக் கேக்காம. நான் உங்ககிட்ட அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக்கூடாதுங்கா. எதைன்னு கேட்டேன், எனக்குத் தெரியாதாக்கும் எதுன்னு.

"நாலு கோடு நல்லா ஞாபகம் அண்ணாச்சி. அஞ்சாவதா ஒண்ணு போட்ட மாதிரியே இருந்துச்சு. அன்னைக்குத்தான் காய்ச்சல் தொடங்குச்சு, எங்க போட்டேன்னே தெரியல. படுத்துக் கிடக்கும்போது கனவுல எல்லாக் கட்டையிலயும் கோடு கோடா வந்துச்சு. நீங்க இல்லன்னு சொன்ன பெறகுதான் கனவுன்னு வச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்குனேன்."

இந்தா, இப்பச் சொல்லலாம். இப்பச் சொன்னா என்ன ஆவும். முதலாளி இறங்கி வருவாரு, பூவை அறுக்கணும், சொந்தக்காரன் அத்தனை பேரும் முறைப்பான். சொரண்டிப் பாத்து அங்க ஒண்ணுமே இல்லாம, நல்ல கட்டையா இருந்துட்டா? கஸ்பாருக்கு வேட்டி நனைஞ்சுபோச்சு, அதான் கதை விட்டான்னு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பேசுவான். இருந்துட்டாலோ, அது இன்னும் மோசம். பாத்தும் அழிச்சான், கேட்டப்ப இல்லன்னான், பொட்டப்பிள்ள சொன்னதுதான் சரி, ஸ்டெயின்தான் சரின்னு ஆயிரும். ரெண்டு பக்கமும் அடி. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சவன் நான், இப்ப அந்தச் சோத்தையே தின்னுக்கிட்டு இருக்கேன். இவ அதைக் கனவுன்னு வச்சுக்கிட்டா. என் சொல்லை நம்பி வச்சுக்கிட்டா. நான் என் நெனப்பைப் பயம்னு வச்சுக்கிட்டேன். ரெண்டு பேரும் சேந்து அந்தக் கோட்டை இல்லாமலே ஆக்கிட்டோம். எம்மான்னு கூப்பிட்டேன். என்ன அண்ணாச்சின்னா. வெயில் சாஸ்தின்னேன். ஆமான்னா. தூ கஸ்பாரு, நீயெல்லாம் ஒரு ஆம்பளை.

பத்தரை. மைக்குல நாதசுவரம் போடுதான். முதலாளி சம்பந்தி பச்சைக் கொடியை ஆட்டுதாரு. சக்கரத்துல எலுமிச்சம்பழம் நசுங்குற சத்தம் வரிசையாக் கேக்கு, வாசனை வருது, எனக்கு அந்த எலுமிச்சம்பழச் சாதம் ஞாபகம் வருது. வண்டி தட்டையில உருண்டு போயி மேட்டுக்கு அடியில ஒரு குலுக்குக் குலுக்குச்சு, சங்கிலி கவ்விருச்சு. டக். டக். டக். டக். முதுகு சீட்டுல அழுந்துது, முன்னால வானம் மட்டும்தான் தெரியுது. கீழ பாக்காத. பக்கத்துல படி தெரியுது, மேட்டோட மேட்டா ஏறுற மரப்படி, பலகைக்குப் பலகை இடைவெளி, இடைவெளியில தரை. பாக்காதன்னேன்லா. மணல் மூட்டை நாப்பது தடவை. மணல் மூட்டைக்கு என்ன, அது போச்சு வந்துச்சு, போகப் போகத்தானே வெடிப்பு நீளும், நாப்பது தடவையும் அந்தக் கால்ல இடி விழுந்திருக்கும்லா. டக். டக். எட்டு. எட்டுதான். எட்டாம் தேதிதான் அவளுக்குக் காய்ச்சல் வந்துச்சு, அவ தம்பி வந்து லீவு லெட்டர் குடுத்தது எட்டாம் தேதி சாயங்காலம், நான்தான் வாங்கி மேனேஜரு மேசையில வச்சேன். எட்டுன்னு நான் எங்க பாத்தேன்? மரத்துலதான் பாத்தேன். கை நடுங்கி எழுதுன எட்டு, காய்ச்சல்காரி எழுத்து. பாத்தேன். அது அவ கோடுன்னு தெரியும். ஆசாரிக் கோடுன்னு நான் நெனைக்கவே இல்ல, அவ கோடுன்னு தெரிஞ்சுதான் உப்புத்தாளை இன்னும் ரெண்டு இழுப்பு இழுத்தேன், என் சுவத்துல உனக்கென்ன கிறுக்கல்னு. சுவருன்னே நெனச்சேன் பாரு. டக். டக். டக். உச்சி கிட்ட வந்துருச்சு, முன்சீட்டுக்காரி கத்தத் தொடங்கிட்டா, சிரிச்சுக்கிட்டே கத்துதா. இது பயமா நெசமா, பயமா நெசமா, எதா இருந்தா என்னலே.

"எம்மா, அஞ்சாவது இருந்துச்சு. நான்தான் அழிச்சேன். முதல் இறக்கத்து அடியில, கடல் பக்கத்துக் கால்."

அவ என்னைப் பாக்கவே இல்ல. என் வாய் மூடுறதுக்குள்ள விசில் அவ வாயில இருந்துச்சு. மூணு தடவை. சங்கிலி நின்னுச்சு. வண்டி பின்னால ஒரு சாண் வழுக்கி, வழுக்கலைத் தடுக்குற கட்டையில பிடிச்சு நின்னுச்சு. நாதசுவரம் மட்டும் கீழ பாடிக்கிட்டே கிடக்கு. உச்சிக்கு இன்னும் நாலு பலகைதான் இருந்திருக்கும், நான் எண்ணல, பெறகு சொன்னாங்க. அவ சீட்டுக்குப் பக்கத்துல அவசரத்துக்குன்னு வச்சிருந்த மிதியைக் காலால அமுக்குனா, இருபது கம்பியும் ஒரே நேரத்துல தூக்குச்சு, மல்லியப்பூச் சரம் அறுந்து எல்லாரு மடியிலயும் உதிர்ந்துச்சு. யாரும் பதற வேண்டாம், ஒவ்வொருத்தரா படியில இறங்கலாம்னு சொன்னா, குரல்ல ஒரு நடுக்கம் இல்ல. முதலாளி மருமகன் ஏதோ திட்டிக்கிட்டே இறங்கினான். எல்லாரும் இறங்கிட்டாங்க. நான் இருக்கேன். சொன்னா தப்பிச்சுரலாம்னு நெனச்சவனுக்கு இறங்குறதுக்கு இப்படி ஒரு வழிதான் இருந்துச்சு, தொண்ணூறு அடி, பலகைக்குப் பலகை ஓட்டை. வண்டியில இருந்திருந்தா ரெண்டே நிமிசம், கண்ணை மூடிட்டு உக்காந்திருப்பேன். கையைக் குடுங்கன்னு அவ கேக்கல. எனக்கு முன்னால ஒரு படி கீழ நின்னுக்கிட்டு, முதுகைக் காட்டி, என் தோளைப் பிடிச்சுக்கிடுங்க அண்ணாச்சி, என் தலையை மட்டும் பாருங்கன்னா. அப்ப இவளுக்குத் தெரிஞ்சிருக்கு, எனக்கு உயரம் ஆவாதுன்னு. எப்படித் தெரியும்னு கேக்கல. நூத்து முப்பத்தேழு படி. வேட்டி கால்ல தடுக்குச்சு, எந்தப் படியிலயும் நான் நிக்கல, நின்னா உக்காந்துருவேன்னு தெரியும். கீழ பய ஒருத்தன் பெயிண்டரு பயந்துட்டாருடோய்னு கத்துறது நல்ல காதுலயே கேட்டுச்சு.

அந்தக் கால் கிட்ட நாங்க ரெண்டு பேரும்தான் போனோம். வெள்ளையா, வழுவழுன்னு, ஒரு மாசு மருவு இல்லாம நின்னுச்சு. எங்கன்னு அவ கேட்டா. தோளு ஒசரத்துல கையை வச்சேன், எங்க கையை வைக்கன்னு கைக்கே தெரிஞ்சிருந்துச்சு. அவ சுத்தியலால தட்டுனா, மேல தட்டுனா, கீழ தட்டுனா, முகத்துல ஒண்ணும் தெரியல. அந்த நேரத்துல நான் வேண்டிக்கிட்டது என்னன்னு சொல்ல வெக்கமா இருக்கு, கட்டை கெட்டுத்தான் இருக்கணும் மாதாவேன்னு வேண்டுனேன். அவ கத்தியை எடுத்து பெயிண்டை ஒரு கோடு கீறி, நகத்தால தூக்கி இழுத்தா. ரப்பரு மாதிரி உரிஞ்சு நீளமா வந்துச்சு, நல்ல பெயிண்டு. அதுக்குக் கீழ என் பட்டி. என் பட்டி நடுவுல ரெண்டாப் பிளந்து கிடந்துச்சு. கல்லு மாதிரி இறுகுன பட்டி, மேலயிருந்து கீழ வரைக்கும், வெடிப்பு பழைய முனையையும் தாண்டி, நான் பட்டியே வைக்காத இடத்துல மரத்துல இன்னும் ஒரு முழம் கீழ ஓடியிருந்துச்சு. அவ கத்தி முனையை உள்ள விட்டா. பிடி வரைக்கும் போச்சு. மட்டமான பெயிண்டா இருந்தா என்னைக்கோ மேல வெடிச்சுக் காட்டிக் குடுத்திருக்கும். என்னோடது நல்ல பெயிண்டு, இழுபட்டுச்சு, வெடிக்கல.

அவ இடுப்புல சொருகியிருந்த பென்சிலை எடுத்து, வெடிப்பு இப்ப முடியுற இடத்துல ஒரு கோடு போட்டு இன்னைக்குத் தேதியை எழுதுனா. எழுதி முடிச்சுப் பென்சிலை மறுபடி இடுப்புல சொருகுனா. முதலாளி வேலிக்கு அந்தப் பக்கம் வந்துட்டாரு, பின்னால சம்பந்தி, மருமகன், ஊரே நிக்கி. என்ன அண்ணாச்சி, பயந்துட்டீரான்னு கேட்டாரு, சிரிப்புமில்லாம கோவமுமில்லாம. அவ அவரு பக்கம் திரும்பி எதையோ சொல்லப் போனா, எனக்காகத்தான் இருக்கும். அதுக்கு முன்னால நானே சொல்லிட்டேன்.

"ஆமா முதலாளி, பயந்துட்டேன். இங்கன வந்து பாருங்க, எதுக்குன்னு தெரியும்."

அவரு வேலியைத் தாண்டி வந்துக்கிட்டு இருக்கும்போது நான் அவகிட்ட கத்தியைக் கேட்டேன். குடுத்தா. என் கையால வெள்ளை அடிச்ச அடுத்த காலுக்குப் போயி, தோளு ஒசரத்துல வச்சு, சுரண்டத் தொடங்குனேன்.